தெரியும் என்று நான் சொன்ன தலைப்பிறை

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியரைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரித்தான் பயமுறுத்துவார்கள். பிள்ளைகள் குழப்படி செய்வார்கள், சொல்வழி கேட்க மாட்டார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள் என்று. அதெல்லாம் சின்ன விஷயம். உண்மையான ஆபத்து, நாம் சொல்வதைப் பிள்ளைகள் நம்பிவிடுவதுதான். நம்பாத பிள்ளை வகுப்பில் கொட்டாவி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். நம்புகிற பிள்ளை வீட்டுக்குப் போய் அதை வாப்பாவிடம் சொல்லும். அங்கேதான் வினை தொடங்குகிறது.

நெடுங்கேணியில் பிறந்து, கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து, தண்ணீரூற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதல் நியமனம் கிடைத்து வந்து இறங்கியபோது, எனக்கு உலகத்தில் தெரியாதது என்று எதுவுமே இருக்கவில்லை. (இப்போது நிறைய இருக்கிறது. வருடா வருடம் கூடிக்கொண்டும் போகிறது.) செல்வராணி அக்கா வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். அவருடைய கணவர் குணம் அண்ணை முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஊரூராகக் கொண்டுபோய் விற்பவர். அந்த ஐஸ் பெட்டிகள் கிணற்றடியில் அடுக்கியிருக்கும். அவற்றின் மீன் வெடுக்கு நாற்றம், வாடகை தராமலே என் அறைக்குள் என்னோடு குடியிருந்தது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பூமி, சந்திரன், சூரியன் பாடம் எடுக்க வேண்டிய நாள் வந்தது. அது ஒரு வியாழக்கிழமை. நோன்பு மாதம் முடியும் தறுவாய். என் வகுப்பில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். நோன்போடு, உதடு காய்ந்துபோய், ஆனால் பெருநாள் வரப்போகிற பூரிப்பில் கண்கள் மட்டும் மின்ன உட்கார்ந்திருந்தார்கள். புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லியிருந்தால் அன்றைய நாள் நல்லபடியாக முடிந்திருக்கும். நான்தான் செயல்முறையில் கற்பிக்கிற புது ஆசிரியை ஆயிற்றே.

செல்வராணி அக்காவின் பழைய சேலைகளை யன்னல்களில் கட்டி வகுப்பை இருட்டாக்கினேன். கஜன் என்ற உயரமான பையனிடம் ரோச் லைற்றைக் கொடுத்து, கரும்பலகைக்கு முன்னால் சூரியனாக நிற்கச் சொன்னேன்.

“டீச்சர், நான் சும்மா நிக்கிறதோ?” என்றான், ஏமாற்றத்தோடு.

“ஓம். சூரியன் சும்மாதான் நிக்கும்.” (அதுவும் முழு உண்மை இல்லை. அன்று நான் சொன்னவற்றில் மிகச் சிறிய பொய் அதுதான்.)

வலைப்பந்து ஒன்றுக்கு வெள்ளைக் கடதாசி சுற்றிச் சந்திரன் செய்திருந்தேன். முன்வாங்கில் இருந்த நஸ்ரினைத்தான் சந்திரனைத் தூக்கிக்கொண்டு சுற்றி வரச் சொன்னேன். அவள் எழும்பி நின்று, மிகவும் மரியாதையாக, “டீச்சர், நோன்போடை சுத்தி ஓடினா எனக்குத் தலை சுத்தும். நான் பூமியா இருக்கட்டோ?” என்றாள். நியாயமான கோரிக்கை. நடுவில் ஒரு கதிரை போட்டு அவளைப் பூமியாக இருத்திவிட்டு, சந்திரனை நானே தூக்கிக்கொண்டேன்.

முதலில் ரோச் லைற்றுக்கும் நஸ்ரினுக்கும் நடுவில் பந்தைப் பிடித்தேன். அவளுடைய பக்கம் முழுக்க இருட்டு. “இது என்ன?” என்று கேட்டேன். “அமாவாசை!” என்று வகுப்பே கத்தியது. பிறகு பந்தோடு பக்கவாட்டில் ஒரு பெரிய எட்டு எடுத்து வைத்தேன். பந்தின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று வளைந்து தெரிந்தது.

பூமி கதிரையை விட்டுத் துள்ளி எழும்பியது. “டீச்சர், தலைப்பிறை!”

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் மூன்றாம் பிறை பார்ப்பார்கள். நஸ்ரின் வீட்டில் தலைப்பிறை பார்ப்பார்கள். மாதம் பிறக்கும்போது முதன்முதலாகக் கண்ணுக்குப் படுகிற பிறை அது. இருபத்தொன்பதாம் நோன்பன்று பின்னேரம் அது தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. கண்ணால் கண்டால்தான் கணக்கு. அந்த இருபத்தொன்பதாம் நோன்பு அன்றைக்குத்தான்.

“டீச்சர், இண்டைக்குப் பிறை தெரியுமா?” என்று நஸ்ரின் கேட்டாள்.

சூரியன் கூட ரோச் லைற்றை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தது. சுவரில் தொங்கிய கலண்டரை ஒருமுறை பார்த்தேன். அமாவாசை அன்று விடியற்காலையோடு முடிந்திருந்தது. நான் யார், விஞ்ஞான ஆசிரியை அல்லவா?

“அமாவாசை விடியவே முடிஞ்சுது. அப்ப பின்னேரம் என்ன வரும்?”

“பிறை!”

“அப்ப தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்!”

நஸ்ரின் மட்டும் விடவில்லை. “வடிவாத் தெரியுமா டீச்சர்?”

“வடிவாத் தெரியும்,” என்றேன். மணி அடித்தது.

பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுக் கடைக்குச் சைக்கிளில் போனேன். சந்தியில் நஸ்ரினின் வாப்பா ஹனீபா நானாவின் கோழிக்கடை. வாசலில் கோழிக் கூடுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வவுனியாவிலிருந்து லொறியில் வந்து இறங்கியவை. நானா ஒரு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், கோபம் வந்தால் அதைவிடப் பெரிய மௌனம்.

“டீச்சர்! உங்களைத்தான் தேடினனான். மகள் வந்து சொன்னவ, டீச்சர் வகுப்பிலேயே பிறை காட்டிப்போட்டா எண்டு. இண்டைக்கு உறுதியாத் தெரியுமோ?”

“ஏன் நானா கேக்கிறியள்?”

அவர் கத்தியால் கூடுகளைக் காட்டினார். “பெருநாள் நாளைக்கு எண்டா இதெல்லாம் இண்டைக்கே உரிச்சு வைக்கோணும். நாளையிண்டைக்கு எண்டா நாளைக்கு உரிச்சாப் போதும். ஒவ்வொரு வரியமும் ரேடியோ சொன்னாப் பிறகுதான் கத்தி எடுக்கிறனான். இரவிரவா நித்திரை இல்லை, விடியப் பெருநாள் தொழுகையில தூங்கி விழுறனான். எங்கடை மௌலவி போன முறை பள்ளிவாசல்ல வைச்சே ஏசிப்போட்டார். நீங்கள் முன்னமே சொன்னா, நான் வெளிச்சத்தோடை வேலையை முடிச்சிட்டு மனுசரைப் போல படுப்பன்.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூட்டுக்குள் இருந்த கோழி ஒன்று கழுத்தை நீட்டி என்னையே உற்றுப் பார்த்தது. அதற்காவது கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

“விஞ்ஞானம் பொய் சொல்லாது நானா,” என்றேன்.

(விஞ்ஞானம் பொய் சொல்லவில்லைதான். விஞ்ஞானம் அன்று வாயே திறக்கவில்லை. கதைத்தது முழுக்க நான்.)

“கணக்குப் பிழைச்சா நான் துலைஞ்சன் டீச்சர்,” என்று சிரித்தார். “நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்கடை ஆக்களுக்கு நோன்பு, உங்கடை ஆக்களுக்குச் சைவம். இந்த ஊரில ஒரு குஞ்சு கூடக் கோழி வாங்காது. என்னட்டை உள்ளது ஒரு சின்ன பிரிட்ஜ். அதுக்குள்ளை சோடாவும் ஐஸ்பழமும்தான் போகும்.” சிரித்தபடியே முதல் கூட்டைத் திறந்தார்.

நான் சிரித்தபடியே சைக்கிளில் ஏறினேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ரோச் லைற்றை அலுமாரியின் மேல் வைத்து, கடதாசி சுற்றிய பந்தைக் கையில் எடுத்தேன். வகுப்பில் செய்ததையே செய்து பார்த்தேன். ஒரு பெரிய எட்டு. பிறை தெரிந்தது. சரி. ஆனால் அந்த எட்டு எவ்வளவு பெரியது? சந்திரன் சூரியனை விட்டு ஒரு மணித்தியாலத்தில் தன் உடம்பு அகலம்தான் விலகும் என்று நானே பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். விடியற்காலை புறப்பட்ட சந்திரன் பொழுது படும்போது எங்கே நிற்கும்? கையை நீட்டிப் பிடித்தால் சூரியனிலிருந்து மூன்று விரல் தள்ளி. பந்தை அந்த அளவுக்கு மட்டும் மெல்ல நகர்த்தினேன். ரோச் லைற்றின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பிறையைக் காணவில்லை. இன்னொருமுறை செய்து பார்த்தேன். அப்போதும் காணவில்லை.

மூன்றாம் பிறை, மூன்றாம் பிறை என்று பிறந்ததிலிருந்து காதால் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படியென்றால் முதலாம் பிறையும் இரண்டாம் பிறையும் எங்கே போயின என்று ஒரு நாளாவது கேட்டேனா? லேசில் கண்ணுக்குப் படாதபடியால்தானே மூன்றாவதைப் பார்க்கிறோம்! நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். பிறையைப் பார்க்காமலே அந்தப் பாடு படப்போகிறவள் நானாகத்தான் இருக்கும் என்று அந்த அறையில் பந்தும் கையுமாக நின்று விளங்கிக்கொண்டேன்.

செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் சைக்கிளை மிதித்தேன். தென்மேற்குச் சோளகக் காற்று எதிரே அடித்தது. சந்திக்கு வரும் முன்பே ஓர் இறகு பறந்து வந்து என் கன்னத்தில் ஒட்டியது. அடுத்து இன்னொன்று. பிறகு தெரு முழுக்க இறகு. கடையில் கூடுகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. உரித்த கோழிகள் மேசையிலும் சட்டியிலும் வாளியிலுமாகக் குவிந்து கிடந்தன. நானா வேர்த்து விறுவிறுத்து, ஆனால் பாட்டுப் படித்துக்கொண்டு, நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது டீச்சர்! நோன்பு திறக்க முதல் எல்லாம் முடிஞ்சுது!”

“நானா... ஒருவேளை... முகில் கிகில் மறைச்சா...”

அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். “ஒரு துண்டு முகில் இல்லை. உங்கடை வாய்ராசி!”

இனி உண்மையைச் சொல்லித்தான் என்ன? உரித்த கோழிக்குத் திரும்ப இறகு ஒட்ட எந்த விஞ்ஞானத்திலும் வழியில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் இன்னும் பொழுது படவில்லையே, எங்கேயாவது யாருக்காவது தெரிந்துவிடாதா என்ற ஒரு நப்பாசை மட்டும் மிச்சமிருந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். (பிள்ளையாருக்கும் சந்திரனுக்கும் பழைய பகை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

பொழுது படும்போது குளக்கட்டில் ஊரே நின்றது. நஸ்ரின் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம், “எங்கடை டீச்சர் சொன்னவ, வடிவாத் தெரியுமாம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள். எனக்கும் ஒன்று தந்தாள். அதைக் கடிக்காமல் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

மேற்கே வானம் மஞ்சளாகி, சிவந்து, மங்கிக்கொண்டு வந்தது. குழந்தைகளைக் கூடத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். நான் கண் எடுக்காமல் பார்த்த பார்வையில் வானம் ஓட்டையாகியிருக்க வேண்டும்.

“அங்கை! அங்கை!” என்று திடீரென்று ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினோம். ஹனீபா நானா என் தோளில் தட்டவே கையை உயர்த்திவிட்டார். பனைக்கு மேலே ஒரு வெளிச்சம் இருந்தது. ஆனால் அது வளையவில்லை. பொட்டுப் போல நின்றது.

“அது வெள்ளியெல்லோ,” என்றார் ஒரு பெரியவர்.

ஆம். அன்று தெரிந்தது வெள்ளி மட்டும்தான். வானத்தில் ஒன்று, மறுநாள் கலண்டரில் ஒன்று.

இருட்டியது. யாரோ கைத்தொலைபேசியில் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். நாட்டின் எந்தப் பாகத்திலும் பிறை தென்படவில்லை, பெருநாள் சனிக்கிழமை என்று அறிவித்தார்கள். ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். ஹனீபா நானா கலையவில்லை. அந்தப் பெரிய மௌனத்தோடு என் முன்னால் நின்றார்.

“டீச்சர், தெரியும் எண்டனீங்கள்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுசி மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நானா, நான் தெரியும் எண்டு சொன்னது... பிறையைப் பற்றி எனக்குத் தெரியும் எண்ட கருத்தில...”

“ஓகோ.” அவர் தலையை ஆட்டினார். “உங்களுக்குத் தெரியும். பிறைக்குத்தான் தெரியேல்லை.”

கலைந்துகொண்டிருந்த ஊர் நின்று சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தாங்கியிருப்பேன். தாங்க முடியாமல் போனது நஸ்ரின் சொன்னதைத்தான். என் கையை விடாமலே, “வாப்பா, டீச்சர் சரியாத்தான் சொல்லியிருப்பா. நான்தான் பிழையா விளங்கிப்போட்டன்,” என்றாள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றத் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. வெட்கத்தில் குளத்துக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது.

“இல்லை நானா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன். “பிள்ளை சரியாத்தான் விளங்கினவ. நான்தான் பிழையாச் சொன்னனான்.”

அவர் சந்திப் பக்கம் கையைக் காட்டினார். “சரி. இப்ப அந்தக் கோழியளுக்கு யார் பாடம் எடுக்கிறது?” என்றார்.

செல்வராணி அக்காவிடம் ஓடினேன். ஊரில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லி நாளைக்குக் கோழி வாங்க வைக்கலாமா என்று கேட்டு முடிக்கவில்லை, “வெள்ளிக்கிழமையோ? உனக்கென்ன விசரே பிள்ளை!” என்று காதைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் குணம் அண்ணை, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, “பெட்டியள் சும்மாதானே கிடக்கு. ஐஸ் நான் கொண்டந்து தாறன்,” என்றார்.

ஹனீபா நானா பெட்டிகளைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது. “மீனைத் தவிர வேறை ஒண்டும் இதுக்குள்ளை வைக்கேல்லையே?”

“சத்தியமா மீன் மட்டும்தான்,” என்றார் குணம் அண்ணை.

“மீன் ஹலால்தான்,” என்று பெருமூச்சு விட்டார்.

சவர்க்காரம் போட்டு, சாம்பல் போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு அந்தப் பெட்டிகளைத் தேய்த்தேன். நகம் இரண்டு உடைந்தது. பெட்டிகள் பளபளத்தன. வெடுக்கு மட்டும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கோழி என்று அடுக்கி மூடினோம். வெள்ளிக்கிழமை முழுவதும் குணம் அண்ணை ஐஸ் மாற்றிக்கொண்டே இருந்தார். அன்று பின்னேரம் நான் கிணற்றடியில் நின்று நிமிர்ந்தபோது, மேற்கே பிறை வந்து நின்றது. வடிவாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கோழி ஒன்றும் பழுதாகவில்லை. சனிக்கிழமை விடிய வெள்ளாப்பிலேயே எல்லாம் விற்றுப்போய்விட்டது. மத்தியானம் நானா வீட்டில் எனக்குப் பெருநாள் சாப்பாடு. நஸ்ரினின் உம்மா பெரிய சகன் தட்டில் பிரியாணி கொண்டுவந்து வைத்தார். நெய் மணம், ஏலக்காய் மணம், அவற்றுக்கு அடியிலிருந்து மெல்ல எழும்பி வந்தது முல்லைத்தீவுக் கடற்கரை. எல்லோரும் மிக மரியாதையாக மென்றார்கள். கடைசியில் உம்மாதான், “பாவம் கோழியள். உயிரோடை இருக்கேக்கை கடல் பாக்கேல்லை, இப்பவெண்டாலும் பாத்திட்டு வந்திருக்குதுகள்,” என்றார். நானா சிரித்த சிரிப்பில் சோறு புரையேறியது. நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கு மேல் என்ன தண்டனை வேண்டும்?

அன்று ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு மூட்டினார்களோ, அத்தனை வீட்டிலும் அதே மணம். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் யாருடைய கறியிலாவது மீன் மணமும் இறைச்சி மணமும் கலந்துவிட்டால் அதற்கு ‘டீச்சர் பிரியாணி’ என்றுதான் பெயர். எங்கள் வீட்டிலோ ‘தெரியும்’ என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. கலியாணம் பேச வந்தபோதே இந்தக் கதையைக் கேள்விப்பட்டுவிட்டார் என் கணவர். நான் எதையாவது அடித்துச் சொன்னால், “ஐஸ் வாங்கி வைக்கட்டோ?” என்பார்.

வகுப்பில் இப்போதும் அதே பாடம் எடுக்கிறேன், அதே பந்தோடு. எட்டை மட்டும் சின்னதாக வைக்கிறேன். பிள்ளைகள், “இண்டைக்குத் தெரியுமா டீச்சர்?” என்றால், “பாப்பம்” என்பேன். பிறை பார்க்கிற ஊரில் அதைவிடச் சரியான விஞ்ஞான விடை கிடையாது.

நஸ்ரின் இப்போது நான் படித்த அதே கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கிறாள். இந்த வருடம் நோன்பு மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது தொலைபேசி எடுத்தாள். கற்பித்தல் பயிற்சிக்கு எட்டாம் ஆண்டு வகுப்பு கிடைத்ததாம். பந்துக்குக் கடதாசி சுற்றினாளாம். ஒரு பிள்ளை எழும்பி, இன்றைக்குப் பிறை தெரியுமா என்று கேட்டதாம்.

“நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு தெரியுமா டீச்சர்?” என்று கேட்டாள்.

சந்தோஷத்தில் நாக்கைக் கடிக்க மறந்துவிட்டேன். “தெரியும்!” என்றேன்.

தொலைபேசிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது. “ஆர், டீச்சரோ? அப்ப மீன் பெட்டியைக் கழுவி வைக்கச் சொல்லு!”